நான் அங்கே யாருடைய ஆள்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பங்கு அலுவலகத்துக்கு ஓர் இளந்தாய் வந்தாள். யுத்த கால இடப்பெயர்வில் அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைந்துபோயிற்று. ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு பிரதி வேண்டுமென்றாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகிறாள். கணவன் கடற்றொழில் செய்கிறவர். அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் அறுத்துப்போன வலைக்குப் பதிலாகப் புது வலை வாங்கிய கடன், மண்ணெண்ணெய்க்குப் பட்ட கடன், இரண்டுக்கும் வட்டி. பிள்ளைகள் இருவர், இளையவனுக்கு வயது மூன்று. “அம்மா பாத்துக்கொள்ளுவா, சுவாமி” என்றாள்.

நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு தாளை மேசையில் வைத்தாள். வேலை ஒப்பந்தம். அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தது. தமிழில் ஒரு வரியேனும் இல்லை. வாசித்து விளக்கினேன். மாதச் சம்பளம் இவ்வளவு. காலம் இரண்டு ஆண்டு. விசா இன்ன மனிதருடைய பெயரில். அவருடைய வீட்டை விட்டு வெளியேறினால் அந்நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும். அவள் குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப சுவாமி, அங்க நான் ஆருடைய ஆள்? கவுண்மேந்தின்ர ஆளா, ஏஜென்சிக்காரன்ர ஆளா, இந்த மனிசன்ர ஆளா?”

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அன்பார்ந்த வாசகர்களே, நம் மறைமாவட்டத்தில் இந்தக் கேள்வி தொடாத குடும்பங்கள் சிலவே இருக்கும். ஒரு மகள் சவூதியில், ஒரு மருமகன் கட்டாரில், ஒரு சகோதரி லெபனானில் என்று நாம் வாழ்கிறோம். ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களோடு சேர்ந்து தேடலாம் என எண்ணுகிறேன்.

நம் மொழியில் ‘ஆள்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ‘வயல் வேலைக்கு நாலு ஆள் வேண்டும்’ என்கிறோம். அங்கே ஆள் என்றால் வேலை செய்யும் கை. ஆனால் நம் பாட்டிமார் சிறு வயதில் மனப்பாடம் செய்த பழைய ஞானோபதேசத்தில், தமதிரித்துவத்தின் மூன்று ஆட்களைக் குறிக்கவும் இதே சொல்தான் வந்தது. அங்கே ஆள் என்றால் ஒருவருக்கும் உடைமையாகாத, தனக்கென மாண்புடைய ஒருவர். தொழிலாளரை நாட்டுக்கு நாடு அனுப்பும் கொள்கைகள் எல்லாவற்றிலும் உள்ள அறச்சிக்கல் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நாடுகள் முதற்பொருளில் ஆள் கேட்கின்றன; போய்ச் சேர்கிறவரோ இரண்டாம் பொருளிலும் ஆளாகவே இருக்கிறார்.

நம் கரையின் பழைய கணக்கு

இது குவைத்தில் பிறந்த கேள்வி அல்ல. நம் தலைமன்னார்க் கரையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி.

2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நம்மவரிற் சிலர் அவர்களோடு சில கட்டை தூரம் நடந்தும் இருப்பீர்கள். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, அவர்களுடைய முன்னோர் நடந்த வழியே மாத்தளை வரை நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி அங்கே சேர்ந்தார்கள். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் கிராமங்களில் ஆள் கட்டினார்கள். கட்டப்பட்டவர்கள் தோணிகளில் வந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாகி அவ்வழியோரங்களில் புதையுண்டவர் ஆயிரமாயிரம். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டபின் பயணம் இலகுவாயிற்று. அக்கரையில் மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை, பின் தனுஷ்கோடியிலிருந்து கப்பல், இக்கரையில் புகையிரதம். அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு ஒரு சிறு தகர வில்லை கொடுத்தார்கள். அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்ற இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் கையில் ஒரு சதம் இல்லாமலே தோட்டம் வரை போய்ச் சேரலாம். செலவைத் தோட்டம் கட்டும். கட்டிய செலவு தொழிலாளியின் கடனாக ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் கடன்காரர்.

வேறு தோட்டத்துக்கு மாற நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும்; கடன் கங்காணியோடும் ஆளோடும் சேர்ந்து இடம் மாறும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இப்பொழுது அந்த இளந்தாயின் ஒப்பந்தத்தை மீண்டும் பாருங்கள். வளைகுடா நாடுகளில் ‘கபாலா’ என்று ஒரு முறை வழங்குகிறது. வேலைக்கு வருகிறவருடைய வதிவிட அனுமதி ஒரு ‘கபீல்’, அதாவது பொறுப்பாளர், ஒருவருடைய பெயரோடு கட்டப்பட்டிருக்கும். ‘இகாமா’ என்று நம்மவர் சொல்லும் அட்டையில் அந்தக் கட்டு இருக்கிறது. கபீலை விட்டு ஓடினால் ஓடியவர்மேல் முறைப்பாடு, வதிவிடம் இழப்பு, சிறை, நாடு கடத்தல். வேறு இடம் மாற அவருடைய ‘றிலீஸ்’ வேண்டும். தகர வில்லையும் துண்டும் நம் கரையை விட்டுப் போய்விட்டன. அவற்றின் வேலையை இன்று வேறு தாள்கள் செய்கின்றன.

வந்து போவது குற்றமா?

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தற்காலிகமாக ஒருவரை வேலைக்கு அழைத்துத் திருப்பி அனுப்புவதே பாவம் என்று சொல்ல முடியாது. அதற்கும் நம் கரையே சாட்சி.

சிலாபத்துறை, மறிச்சுக்கட்டிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்ததே மிகப் பெரிய குளிப்புகளில் ஒன்று. வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. அந்தக் கடைசிக் காலக் குளிப்புகளில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பங்கை விற்றார்கள்; பருவம் முடிய வீட்டுக்குப் போனார்கள். ஆபத்தான தொழில்தான்; அங்கும் ஏமாற்றுகளும் நோயும் இல்லாமல் இல்லை. ஆனாலும் ‘எங்களை இந்நாட்டில் இருக்க விடவில்லை’ என்று அவர்களில் எவரும் முறையிட்டதாக இல்லை. ஏன்? வந்த காலம் குறுகியது. வீடும் மனைவி மக்களும் சொந்த ஊரில் இருந்தார்கள். உழைப்பின் பலனில் ஒரு பங்கு அவர்கள் கையிலேயே இருந்தது. பிடிக்காவிட்டால் மறு வருடம் வராமல் விடலாம்.

ஆகவே குற்றம் அனுமதிச் சீட்டில் இல்லை. காலம் குறித்ததிலும் இல்லை. மூன்று இடங்களில் அநீதி நுழைகிறது. தொழிலாளி தன் எசமானை விட்டு விலக முடியாதபோது. குடும்பத்தை அவரிடமிருந்து பிரித்து வைக்கும்போது. மூன்றாவது, நாட்கள் ஆண்டுகளாகி, ஆண்டுகள் தலைமுறைகளாகிய பின்னும் ‘நீ தற்காலிகமானவன்’ என்றே சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போது. முதல் இரண்டையும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதில்தான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள்.

ஐம்பத்தைந்து வயது வரை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பரம்பரையால் பிரசையென உரிமை கோரும் ஒருவர், தம் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும்; அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் அறையில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 1,34,000 பேருக்கே கிடைத்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

அப்போது நாம் எங்கே இருந்தோம்? வடபகுதித் தமிழ்ப் பிரதிநிதிகள் ஒரே குரலில் நிற்கவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் மன்னார்த் தொகுதியின் உறுப்பினர் சி. சிற்றம்பலம் அவர்களும் ஓர் அமைச்சராக இருந்தார். யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. அது எங்கோ கொழும்பில் நடந்த காரியம் என்று மன்னார் மக்களாகிய நாம் கைகழுவ முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பின்பு 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து ஆண்டுக்குப் பின், 1974இல், அந்த மிச்சத்தைப் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் உண்டு. அதை நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள், தங்கள் முறை வரும்வரை அல்லது 55 வயது ஆகும்வரை, எது முந்துகிறதோ அதுவரை வேலை செய்யலாம் என்பதே அது. உழைக்கும் உடல் இருக்கும்வரை இடம் உண்டு என்பதல்லவா இதன் பொருள்? 18 வயதில் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிய ஒரு தாய், 55 வயதில் அந்நியப் பெண்ணாகிறாள். கொண்டுபோகக் கூடிய சொத்தின் உச்ச வரம்பைக் குடும்பத்துக்கு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். அன்று அது ஒரு சலுகையாகவே பேசப்பட்டது.

மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தார்கள். அது வந்து நின்ற இடம் நம் தலைமன்னார்த் துறை. அங்கே வேலை பார்த்த நம் முதியவர்கள் சிலர், வழியனுப்ப வந்தவர்களைக் கப்பல் தெரியும்வரை அழைத்துப்போக முடியாமல் போனதை இன்றும் சொல்லுகிறார்கள். 1984ஆம் ஆண்டு யுத்தத்தால் கப்பல் நின்றது. எஞ்சியவர்கள் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே அவர்களைப் பிரசைகளாக ஏற்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1948இலிருந்து எண்ணிப் பாருங்கள்: 55 ஆண்டு.

தோமையார் சொன்ன நியாயம்

‘நாட்டுக்கு யார் வரலாம், யார் தங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஓர் அரசுக்கு இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. திருச்சபையும் அதை மறுக்கவில்லை. குருமடத்தில் நாங்கள் படித்த புனித அக்குவினா தோமையார், தமது பெரிய இறையியல் நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். அந்நியரை உடனே குடிகளாகச் சேர்க்கவில்லை. சில இனங்களில் இரண்டு மூன்று தலைமுறை ஆனபின்பே சேர்த்தார்கள் என்று அரிஸ்டோட்டிலை எடுத்துக்காட்டி விளக்குகிறார். காரணமும் தருகிறார்: பொது நன்மையில் இன்னும் வேரூன்றாதவர் பொதுக் காரியங்களில் கை வைத்தால் தீங்கு நேரலாம்.

இந்த இடத்தைக் காட்டி வெளியாரை விலக்கி வைக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் தோமையாரின் காரணத்தைக் கவனியுங்கள். காத்திருக்கச் சொல்வது எதற்காக? வந்தவர் பொது நன்மையில் பங்குகொள்கிறவரா என்று காண்பதற்காக. ஆகவே அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். முடிவே இல்லாத காத்திருப்பு, தீர்ப்பே இல்லாத விசாரணை போன்றது. காட்டை வெட்டித் தோட்டமாக்கி, ஒரு நாட்டின் ஏற்றுமதியைத் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்தவர்கள் பொது நன்மைக்குப் பங்கு செய்தார்களா என்று இனியும் விசாரிக்க வேண்டுமா? தோமையாருக்கு மூன்றாம் தலைமுறை கதவு திறக்கும் வேளை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதே தலைமுறைக் கணக்கு கதவை அடைக்கும் தாழ்ப்பாள் ஆயிற்று. யோசேப்பை அறியாத ஒரு மன்னன் எகிப்தில் எழுந்தான் என்று யாத்திராகமம் சொல்லும் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பஞ்ச காலத்தில் நாட்டைக் காத்தவனுடைய சந்ததியை அவன் வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தான். எண்ணிக்கை கூடியதைக் கண்டு அஞ்சினான்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிக் கிராமத்தவர் தங்கள் காடும் சேனையும் போவதைக் கண்டார்கள். அவர்களுடைய மனத்தாங்கல் பொய்யல்ல. ஆனால் காணியை எடுத்தவர் வேறு. அதில் கூலிக்கு நின்றவர் வேறு. எடுத்தவரிடம் கேட்க முடியாத கணக்கை, கூலிக்கு நின்றவரிடம் கேட்டு முடித்தார்கள். அதேபோல், சொந்தக் குடிகளைவிட வெளிநாட்டுத் தொழிலாளரே அதிகம் உள்ள கட்டார், குவைத் போன்ற நாடுகளுக்கும் ஒரு பயம் உண்டு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர் எல்லோருக்கும் பிரசாவுரிமை கொடு என்று நாம் கேட்கவில்லை. உரிமை உழைப்போடு சேர்ந்து வளர வேண்டும் என்பதே அறம். முதல் நாளிலேயே உரியவை சில: ஒழுங்கான சம்பளம், தன் கையில் தன் கடவுச்சீட்டு, கெட்ட எசமானை விட்டு விலகும் சுதந்திரம். ஆண்டுகள் செல்லச் செல்ல உரியவை சில: குடும்பத்தோடு சேர்ந்திருத்தல், வேலை மாறுதல், வயதானபின் துரத்தப்படாதிருத்தல். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ, அதுதான் ஊர்.

இது புதிய போதனையுமல்ல. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றி எழுதினார். 1952இல் 12ஆம் பத்திநாதர் நாடு பெயர்ந்த குடும்பங்களுக்கு எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே மாதிரியாக வைத்தார். 1981இல் 2ஆம் அருள் சின்னப்பர், வேற்று நாட்டில் வேலை செய்பவர் அந்நாட்டுத் தொழிலாளரைவிட உரிமையில் தாழ்த்தப்படக் கூடாது என்று கற்பித்தார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஊரை விட்டுப் போகாதிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை நினைவூட்டினார். கடைசியில் சொன்னது நம் கடற்கரைக்கு மிகவும் பொருந்தும். அறுபடாத வலையும் கட்டக்கூடிய கடனும் இருந்திருந்தால், அந்தத் தாய் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போக நினைத்திருக்க மாட்டாள்.

நம் வீட்டு அடுப்படி

இனி, நமக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடபகுதி வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் மலைநாட்டிலிருந்து கூட்டிவந்த சிறுவர் சிறுமியர் வேலைக்கு நின்றார்கள். பத்து வயதுப் பிள்ளை தண்ணீர் அள்ளும், பாத்திரம் தேய்க்கும், அடுப்படியில் படுக்கும். சம்பளம் பிள்ளையின் கைக்கு வராது. வீட்டுக்குப் போக வேண்டுமென்று அழுதால், ‘தீபாவளிக்குப் பார்க்கலாம்’. அந்தப் பிள்ளைக்கு இகாமா இல்லை. ஆனால் கபீல் இருந்தார். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கும் போனார்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்தன. காடு வெட்டினார்கள், வயலில் கூலிக்கு நின்றார்கள், யுத்தத்தில் நம்மோடு ஓடினார்கள், நம்மோடு இறந்தார்கள். காணி உறுதி கேட்டபோது மட்டும் அவர்கள் ‘வந்தவர்கள்’ ஆனார்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல்லை நம் வாயிலிருந்து நாம் இன்னும் துப்பிவிடவில்லை. கலியாணம் பேசும்போது அது அடிநாக்கில் வந்து நிற்கிறது.

இறைவன் நமக்கு ஒரு பாடமும் படிப்பித்தார். 1990ஆம் ஆண்டு நம் மக்கள் வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரம் சேர்ந்தபோது, அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் எது? மண்டபம் முகாம். கங்காணி கூட்டிவந்தவர்கள் நின்ற அதே மண்டபம்! 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தின் 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் மலையக வழிவந்தவர்கள். ஏராளமானோர் நம் மன்னார் ஊர்களைச் சேர்ந்தவர்கள். வர்ணம் பூசுகிறார்கள், கட்டட வேலை செய்கிறார்கள். 1987ஆம் ஆண்டு யூலைக்குப் பின் அங்கே பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரசையாக இல்லாவிட்டால், பிறப்பினால் இந்தியப் பிரசையாவதில்லை. முப்பது வருடமாக அங்கே உழைக்கும் நம் உறவினருக்காக நாம் கவலைப்படுகிறோம், அது நியாயமே. ஆனால் தலைமன்னார்த் துறையில் ஒப்பாரிக் கோச்சி நின்றபோது நாம் எவ்வளவு கவலைப்பட்டோம்? டோஹாவிலும் மண்டபத்திலும் நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்கும் நீதி, நம் வளவுக்குள் கூலிக்கு நிற்பவருக்கு நாம் கொடுக்கும் நீதியைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

இப்போது செய்யக்கூடியது

நிலைமை மாறாமலே இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. கட்டார் 2020ஆம் ஆண்டு, எசமானுடைய சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது. வீட்டுப் பணியாளரையும் அதில் சேர்த்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் கொண்டுவந்த மாற்றங்களில் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் நாளொன்றுக்கு 12 மணித்தியால வரம்பும் தருகிறது. ஆனால் மூடிய கதவுக்குள் வேலை செய்யும் பெண், சட்டம் இருப்பதையே அறியாவிட்டால் அது யாருக்கு?

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2024இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து நம்மவர் அனுப்பிய பணம் சுமார் 657 கோடி டொலர். நாடு வங்குரோத்தான நாட்களில் மருந்தும் எரிபொருளும் வாங்க உதவிய பணம் இது. அதை அனுப்பியவர்களில் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பிறர் வீட்டுத் தரை துடைக்கும் பெண்களும் உண்டு. அவர்களை அரசு எவ்வளவு மதித்தது? 2013ஆம் ஆண்டு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று ஒரு விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகக் கூடாது என்றார்கள். பிள்ளையின்மேல் அக்கறை நல்லதே. ஆனால் வீட்டுக் கடன் அந்த விதியைக் கேட்டு நிற்கவில்லை. பதிவில்லாமல், சுற்றுலா விசாவில் பெண்கள் போனார்கள். தரகருக்கு வழி திறந்தது. 2022இல் விதியைத் தளர்த்தி, வயதெல்லையை இரண்டாகக் குறைத்தார்கள். அதே ஆண்டின் கடைசியில், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கைவிடப்பட்ட பெண்களின் செய்தி வெளிவந்தது. போகிற வழியை அடைத்துவிட்டு, போக வைக்கும் காரணத்தை அப்படியே விட்டால், பாதுகாப்பு வராது. பதிவுதான் இல்லாமற் போகும்.

ஆகவே குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள். பணியகத்தில் பதியாமல் ஒருவரையும் அனுப்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை என்று சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளங்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள்; வாசித்துச் சொல்ல ஒருவரும் இல்லாவிட்டால் பங்குச் சுவாமியிடம் வாருங்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதிகளையும் வீட்டில் வைத்திருங்கள். தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை அவள் மனப்பாடம் செய்யட்டும். வங்கிக் கணக்கு உழைப்பவள் பெயரில் இருக்கட்டும். அவள் அனுப்பும் காசில் புது மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முன் கடன் தீரட்டும். பிள்ளையை வளர்க்கும் பாட்டியை வாரத்தில் ஒருநாளாவது அயலவர் எட்டிப் பார்க்கட்டும்.

இவை சிறு காரியங்கள். பெரிய காரியத்தை அரசுகளிடம் கேட்க வேண்டும். குடிபெயர்ந்த தொழிலாளர் பற்றிய 1990ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1996இல் சேர்ந்தது. அதன்படி நம் அரசு பேச வேண்டியது, ஆள் அனுப்பும் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமன்று. எசமானை விட்டு விலகும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டா என்பதையும் பற்றி. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதை நாம் கேட்கலாம். அதைக் கேட்கும் வாய்க்குத் தகுதி வேண்டுமானால், நம் வயலில் நிற்பவருக்கும் நம் வாடியில் மீன் தெரிபவருக்கும் அன்றன்றைய கூலியை அன்றன்றே கொடுத்திருக்க வேண்டும்.

அந்த இளந்தாய் அடுத்த புதன்கிழமை பிரதியை வாங்க வந்தாள். பதிவேட்டிலுள்ள அவள் பெயரையும், தாய் தகப்பன் பெயரையும், ஞானப் பெற்றோர் பெயரையும் வாசித்துக் காட்டினேன். பிறகு சொன்னேன்: “பிள்ளை, நீர் அண்டைக்குக் கேட்டதுக்கு யோசிச்சுப் பாத்தன். நீர் ஒருத்தருடைய ஆளும் இல்லை. வேலை மட்டும்தான் அந்த மனிசனுக்குச் சொந்தம். அதுவும் சம்பளம் தந்தால். நீர் கடவுள் படைச்ச ஆள்.”

அவள் பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “அத அந்த ஒப்பந்தத்தில எழுதுவாங்களா, சுவாமி?” என்று கேட்டாள்.

இன்னும் எழுதவில்லை. எழுத வைக்கும் வேலை நம் எல்லோருக்கும் இருக்கிறது.